குன்றத்தூர் டூ திருவனந்தபுரம்: கேரவன்ல கிளம்பறீங்களா? ராத்திரி எங்கே நிறுத்தறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க!

ஓடுற வண்டிக்குள்ளேயே படுக்கை, சின்ன அடுப்படி, கழிவறை. ஹோட்டல் ரூம் தேட வேண்டாம், பெட்டியைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏற வேண்டாம். சோஷியல் மீடியாவில் இந்த கேரவன் பயண வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "நாமளும் ஒருமுறை போனா என்ன?" என்று யோசிக்கும் குடும்பங்கள் பெருகிவிட்டன. தமிழ்நாட்டில் கேரவன் என்றாலே ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் மேக்கப் போடும் வண்டிதான் நினைவுக்கு வரும். அது வேறு. இங்கே சொல்வது ஓடவும், உள்ளே தூங்கவும், சமைக்கவும் ஏற்ற வண்டி. கேம்பர் வேன் என்றும் சொல்கிறார்கள்.

குன்றத்தூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த ஆசை வருவதில் ஒரு நியாயமும் இருக்கிறது. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தபோது அங்கே அறிமுகமான சொகுசு கேரவன், பாரத்பென்ஸ் 1017 சேஸி மீது கட்டப்பட்டது. பாரத்பென்ஸ் தொழிற்சாலை இருப்பது ஒரகடத்தில்! நம்ம ஊர் சேஸி மலை ஏறி கேரளாவுக்குப் போய்விட்டது. நாம் போக வேண்டாமா?

போகலாம். ஆனால் காரில் போவது மாதிரி நினைத்த நேரத்தில் கிளம்பி நினைத்த இடத்தில் நிறுத்திவிட முடியாது. எந்த வண்டி, என்ன பேப்பர், எந்த வழி, ராத்திரி எங்கே நிறுத்துவது... எல்லாவற்றையும் பார்ப்போம்.

ஏன் திருவனந்தபுரம்?

குன்றத்தூரில் இருந்து ஒரு தலைநகருக்குப் போவதென்றால் பக்கத்தில் இருப்பது புதுச்சேரி. ஆனால் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம், அதற்கு எதற்கு படுக்கை வைத்த வண்டி? பெங்களூரும் ஒரே நாள் பயணம்தான். அந்த நெடுஞ்சாலையில் லாரிகளைத்தான் அதிகம் ரசிக்க முடியும்.

திருவனந்தபுரம் அப்படி இல்லை. மதுரை, ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, தென்மலை வழியாகப் போனால் 700 கிலோமீட்டருக்கு மேல். கடைசி 200 கிலோமீட்டர் முழுக்க மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். கேரவன் எடுப்பதற்கு அர்த்தம் உள்ள தூரம் இது.

வாடகை வண்டியா, சொந்தமாகச் செய்வதா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தொழிற்சாலைப் பகுதி ஆச்சே, வெல்டிங் தெரிந்தவர், வயரிங் தெரிந்தவர் என்று தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். பழைய டெம்போ டிராவலரை வாங்கி சீட்டைக் கழற்றிவிட்டு கட்டில் போட்டால் கேரவன் ரெடி என்று தோன்றும். வண்டி ரெடியாகும். சட்டப்படி அது கேரவன் ஆகாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அம்சங்களில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ்-124 என்ற தரநிலை இருக்கிறது. கட்டுமானம் அதன்படி இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையம் சான்று கொடுத்தால்தான் அந்த வகையில் பதிவு செய்ய முடியும். வாகனங்களைச் சோதிக்கும் அப்படி ஒரு மத்திய அரசு மையம் ஒரகடத்திலேயே இருக்கிறது என்பது கூடுதல் தகவல்.

போலீஸ் பிடித்தால் அபராதம் கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இன்ஷூரன்ஸை மறந்துவிடுகிறார்கள். பாலிசி எழுதியது சீட் வைத்த பயணிகள் வேனுக்கு. விபத்து நடந்த பிறகு சர்வேயர் வந்து பார்க்கும்போது உள்ளே கட்டிலும் கேஸ் அடுப்பும் இருந்தால், இழப்பீடு கேட்பவர் பக்கம் வாதாட எதுவும் மிஞ்சாது. முதல் முறை போகிறவர்களுக்கு வாடகை வண்டிதான் சரி.

வாடகைக்கு எடுக்கும்போது கலர் லைட்டையும் டிவி சைஸையும் பார்ப்பதற்கு முன் ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள். வண்டியின் வகை, சீட் எண்ணிக்கை, எஃப்.சி. எந்தத் தேதி வரை, இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரை. எட்டுப் பேர் படுக்கலாம் என்று ஓனர் சொல்வார். ஆர்.சி.யில் ஆறு என்று இருந்தால் ஆறு பேர்தான். ஓடும்போது எல்லோரும் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வேண்டும், படுக்கை நின்ற பிறகுதான். குழந்தை தூங்குகிறது, கட்டிலில் போடலாம் என்பது கூடவே கூடாது. ஒரு சடன் பிரேக் போதும்.

அடுத்தது பர்மிட். வாடகை வண்டி மாநில எல்லை தாண்டுவதால் சுற்றுலா பர்மிட்டும் வரி கட்டிய ரசீதும் கையில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு ஆம்னி பஸ்கள் விஷயத்தில் 2025 நவம்பரில் இந்த வரிப் பிரச்னை முற்றி, கேரளாவுக்கு ஓட்டத்தையே நிறுத்தும் அளவுக்குப் போனது. "அதெல்லாம் செக்போஸ்ட்ல பாத்துக்கலாம் சார்" என்று ஓனர் சொன்னால் வேறு ஓனரைப் பாருங்கள்.

நீங்களே ஓட்டுவதாக இருந்தால் உரிமம் எதற்குச் செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும். 7,500 கிலோ வரை எடையுள்ள வண்டிகளுக்கு எல்.எம்.வி. உரிமம் போதும். அந்த வரம்புக்குள் வரும் போக்குவரத்து வாகனங்களையும் அதே உரிமத்தோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. பஸ் சேஸியில் கட்டிய பெரிய கேரவன்கள் இந்த வரம்பைத் தாண்டிவிடும், அதற்கு ஹெவி உரிமம் உள்ள டிரைவர் தேவை. மலைப்பாதை இருப்பதால் எந்த வண்டியானாலும் அனுபவமுள்ள டிரைவரோடு எடுப்பது நிம்மதி. அவருக்கும் ராத்திரி படுக்க இடம் வேண்டும் என்பதை ஆள் கணக்கில் சேர்த்துக்கோங்க. நிறைய பேர் இதை மறந்துவிட்டு, டிரைவரை ஸ்டீயரிங் மேலேயே தூங்க வைக்கிறார்கள். மறுநாள் மலையில் வண்டி ஓட்டப் போவது அவர்தான்.

உயிர் போகும் விஷயம்: ஜெனரேட்டரும் கேஸ் சிலிண்டரும்

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரை அருகே சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். வண்டியில் அடிபட்ட தடயமே இல்லை. ஏ.சி. ஓடுவதற்காகப் போட்ட ஜெனரேட்டரின் புகை உள்ளே புகுந்து, அதிலிருந்த கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்திருந்தது. இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று உணர்வதற்குள் எழுந்து கதவைத் திறக்கத் தெம்பு இருக்காது.

அதனால் விதி ஒன்றே ஒன்றுதான்: ஆள் உள்ளே தூங்கும்போது வண்டியின் ஜெனரேட்டரும் ஓடக் கூடாது, இன்ஜினும் ஓடக் கூடாது. ஏ.சி. வேண்டும் என்றால் வெளியில் இருந்து கரண்ட் எடுக்கிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும். கார்பன் மோனாக்சைடு வந்தால் அலறும் சின்ன அலாரம் ஆன்லைனிலேயே கிடைக்கிறது. வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஒன்று வாங்கி படுக்கைப் பக்கத்தில் மாட்டுங்கள்.

சிலிண்டர் விஷயத்தில் மதுரையை யாரும் மறந்திருக்க முடியாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம். பெட்டியும் ஓடவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தது. மூடிய வண்டி, தூங்கும் மனிதர்கள், அடுப்பு மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது போதும். கேரவனில் சமைத்தே ஆக வேண்டும் என்றால் வெளிக் கரண்டில் ஓடும் இண்டக்ஷன் அடுப்பு போதும். புளிசாதமும் இட்லி மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு போனால் அடுப்பே தேவைப்படாது, பாட்டி காலத்து டெக்னாலஜி!

எப்போது கிளம்புவது?

ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் விடை தானாகக் கிடைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குற்றாலம் சீசன் என்பதால் தென்காசி பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே கஷ்டம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை, மலையில் பாறையும் மரமும் விழும் காலம். நவம்பர் நடுவில் இருந்து ஜனவரி நடு வரை சபரிமலை சீசன், செங்கோட்டை–ஆரியங்காவு பாதை முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். ஏப்ரல், மே மாதங்களில் தகரப் பெட்டிக்குள் பகல் பயணம் என்பது தண்டனை.

மிச்சம் இருப்பது ஜனவரி கடைசி வாரத்தில் இருந்து மார்ச் தொடக்கம் வரை. கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்குப் பொங்கலுக்குத்தான் சேர்ந்தாற்போல லீவு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பொங்கலுக்கு முந்தின ரெண்டு நாள் ஜி.எஸ்.டி. சாலையில் கேரவனோடு மாட்டினால் பயணத்தின் முதல் ராத்திரியே செங்கல்பட்டில் முடிந்துவிடும். குடியரசு தினம் வார இறுதியோடு சேர்ந்து வரும் வருடமென்றால் அதைக் குறி வைக்கலாம். இன்னொன்று, திருவனந்தபுரத்தில் பிப்ரவரி அல்லது மார்ச்சில் ஆற்றுகால் பொங்கல் வரும். லட்சக்கணக்கான பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு வைக்கும் நாள் அது. பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் நகருக்குள் வண்டி நகராது. தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் நாள்: குன்றத்தூர் – திருச்சி

குன்றத்தூரில் இருந்து கிளம்புபவர்கள் பழக்கத்தில் வண்டலூர் போய் ஜி.எஸ்.டி. சாலையில் ஏறுவார்கள். கிளாம்பாக்கம் பஸ் நிலையம், கூடுவாஞ்சேரி நெரிசல் எல்லாவற்றையும் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும். படப்பை வழியாக ஒரகடம் போய், அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடிப்பது நல்லது. அகலமான சாலை. ஆனால் கம்பெனி ஷிப்ட் மாறும் நேரத்தில் ஊழியர் பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் மொய்க்கும். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அந்த நேரத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியற்காலை 4 மணிக்கெல்லாம் ஒரகடத்தைத் தாண்டிவிட்டால் சரி.

பிறகு பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி என்று டோல்கேட் வரிசை. 2025 ஆகஸ்ட் 15-ல் ரூ.3,000 கட்டணத்தில் அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ், சொந்த உபயோகத்துக்கான கார், ஜீப், வேன்களுக்கு மட்டும்தான். வாடகை கேரவனுக்குச் செல்லாது. பஸ் சேஸி வண்டி என்றால் கட்டணமும் கார் கட்டணம் அல்ல. டீசல் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள்: போக, வர, ஊர் சுற்ற என மொத்தம் 1,500 கிலோமீட்டர், லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்றால் சுமார் 190 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் டீசலுக்கு மட்டும் 17 ஆயிரத்தைத் தாண்டும்.

மதுரை வரை ஒரே மூச்சில் போய்விடலாமே என்று தோன்றும். கேரவனை 60, 70 வேகத்துக்கு மேல் விரட்டக் கூடாது. உயரமான வண்டி, பக்கக் காற்றுக்கே ஆடும். திருச்சியில் நிறுத்திவிடுங்கள்.

ராத்திரி நிறுத்தும் இடம்

இந்தப் பயணத்தைத் தீர்மானிப்பதே இதுதான். வெளிநாட்டு வீடியோக்களில் ஏரிக்கரையில் நிறுத்தித் தூங்குவார்கள். அங்கே அதற்கென்றே கரண்ட், தண்ணீர், கழிவுநீர்க் குழாயோடு இடங்கள் இருக்கின்றன. கேரளாவிலேயே முதல் கேரவன் பூங்கா 2022-ல்தான் வாகமனில் திறந்தார்கள், அதுவும் இந்தப் பாதையில் இல்லை. நம்ம வழியில் அப்படி எதையும் நம்பிக் கிளம்ப முடியாது. அதனால் இடத்தை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

பெரிய வளாகம் உள்ள ஹோட்டல்கள்தான் நடைமுறையில் சரிப்படும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல்கள் திருச்சி, மதுரை, குற்றாலம் மூன்று இடத்திலும் உள்ளன. தனியார் ஹோட்டல்களிலும் கேட்கலாம். போன் செய்யும்போது "பார்க்கிங் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் "இருக்கு சார்" என்பார்கள். போய்ப் பார்த்தால் கார் நிறுத்தும் இடமாக இருக்கும். வண்டியின் நீளம், உயரத்தைச் சொல்லுங்கள். நுழைவாயில் வளைவு எவ்வளவு உயரம், 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தருவார்களா, தண்ணீர் நிரப்பலாமா என்று கேளுங்கள். ஒரே ஒரு ரூம் போட்டுவிட்டால் இதெல்லாம் சுலபமாக நடக்கும். பெரியவர்கள் குளிக்கவும் டிரைவர் தூங்கவும் அந்த ரூம் உதவும்.

கழிவறைத் தொட்டியை எங்கே காலி செய்வது என்பதை வண்டி ஓனரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாலையோரத்திலோ ஓடையிலோ திறந்துவிடுவது குற்றம். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் கீழே ஒரு ஊர் குடிக்கிறது. முடிந்தவரை ஹோட்டல், பெட்ரோல் பங்க் கழிவறைகளைப் பயன்படுத்தி, வண்டியில் இருப்பதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளோடு லாரியாக நிறுத்தித் தூங்குவது, காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்குவது, அருவி, ஆற்றுப் படுகை அருகே நிறுத்துவது, மூன்றும் வேண்டாம். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தது நினைவிருக்கும். மழை மலை மேலே பெய்யும், தண்ணீர் வரும்போதுதான் கீழே இருப்பவர்களுக்குத் தெரியும்.

இரண்டாம் நாள்: திருச்சி – தென்காசி

மதுரை வரை நான்கு வழிச்சாலை. கப்பலூர் டோல்கேட் தாண்டி திருமங்கலத்தில் ராஜபாளையம் சாலையில் திரும்ப வேண்டும். இங்கிருந்துதான் பயணம் ஆரம்பம் என்றே சொல்லலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்காமல் யாரும் விடமாட்டார்கள். ராஜபாளையம் தாண்டியதும் வலது பக்கம் மலை சுவர் மாதிரி கூடவே வரும். எலுமிச்சைக்குப் பேர் போன புளியங்குடி, அப்புறம் கடையநல்லூர். ஊர்களுக்குள் சாலை குறுகும், பஸ்ஸும் ஆட்டோவும் நெருக்கும், அவசரப்பட வேண்டாம். இருட்டுவதற்குள் தென்காசி அல்லது குற்றாலத்தில் வண்டியை நிறுத்திவிட வேண்டும். மலையை ராத்திரியில் ஏறக் கூடாது என்பதற்கு ஒரே ஒரு காரணம் போதும்: புளியரை எஸ் வளைவு.

மூன்றாம் நாள்: மலை

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்த ஊர், மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது தமிழ்நாட்டுக்கு வந்தது. அதைத் தாண்டினால் வயலும் தென்னையுமாகப் புளியரை. பிறகு ஏற்றம். எஸ் வளைவில் 2024 பிப்ரவரி 25 நள்ளிரவுக்குப் பிறகு கேரளாவில் இருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி கட்டுப்பாட்டை இழந்து கீழே ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. டிரைவர் இறந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த வயதான தம்பதி டார்ச் லைட்டை ஆட்டியபடி தண்டவாளத்தில் ஓடி, வந்த ரயிலை நிறுத்தினார்கள். தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்துப் பாராட்டினார்.

நாம் போவது ஏறும் பக்கம். ஆனால் எதிரே சுமையோடு இறங்கி வரும் லாரிகள் வளைவில் நம் பக்கம் வரலாம். ஹாரன் அடித்து, லாரிக்கு வழி விட்டுப் போங்கள். காலை வெளிச்சத்தில் ஏறினால் இந்த மலை பயமுறுத்தாது, அழகாகத்தான் இருக்கும்.

கோட்டைவாசலைத் தாண்டினால் கேரளா. ஆரியங்காவு ஐயப்பன் கோயில், பாலருவி, அதன் பிறகு கழுதுருட்டி அருகே சாலைக்குப் பக்கத்திலேயே 13 கண் பாலம். 1904-ல் தொடங்கிய கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதையின் கல் பாலம் அது. அகலப்பாதையாகி 2018-ல் ரயில்கள் மறுபடி ஓடத் தொடங்கின. போட்டோவுக்காக எல்லோரும் வளைவிலேயே நிறுத்துவார்கள். கேரவனை அகலமான இடம் பார்த்து ஒதுக்கிவிட்டு நடந்து வாருங்கள்.

தென்மலையில் கல்லடா அணை, செந்துருணி வனவிலங்கு சரணாலயம். இங்கே நேராகப் போனால் புனலூர், கொல்லம். இடதுபுறம் பிரியும் சாலைதான் நமக்கு: குளத்துப்புழை, மடத்தறை, பாலோடு, நெடுமங்காடு, திருவனந்தபுரம். சுமார் 70 கிலோமீட்டர், பெரும்பாலும் ரப்பர் தோட்டமும் காடும். குளத்துப்புழை சாஸ்தா கோயில் ஆற்றில் மீன்களுக்குப் பொரி போடுவது வழக்கம், குழந்தைகள் அங்கிருந்து கிளம்ப மாட்டார்கள். வளைவுகள் அதிகம், 70 கிலோமீட்டர்தானே என்று ஒன்றரை மணி நேரம் கணக்கு வைக்காதீர்கள், மூன்று மணி நேரம் வையுங்கள்.

நகருக்குள் கேரவன் வேண்டாம்

பத்மநாபசுவாமி கோயில் இருக்கும் கிழக்கே கோட்டைப் பகுதியில் கார் நிறுத்தவே இடம் தேட வேண்டும். வண்டியை நகருக்கு வெளியே தங்கும் இடத்தில் விட்டுவிட்டு பஸ், ஆட்டோவில் போங்கள். கோயிலுக்குள் ஆண்கள் வேட்டி மட்டும் கட்டி, சட்டை இல்லாமல் போக வேண்டும். பெண்களுக்குப் புடவை மாதிரி பாரம்பரிய உடை. வேட்டியை வண்டியிலேயே மறந்துவிட்டு வந்தால், வாசலில் விற்பவரிடம்தான் வாங்க வேண்டியிருக்கும்.

திரும்பும்போது வழியை மாத்துங்க

வந்த வழியே திரும்பினால் புளியரை எஸ் வளைவில் நீங்கள் இறங்கும் பக்கம். தண்ணீர்த் தொட்டி, சாமான், ஆட்கள் என்று கனமான வண்டி. பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும் ஆபத்து உண்டு. அந்த வழியே வந்தே ஆக வேண்டும் என்றால் பகலில், ஏறிய அதே கீழ் கியரில் இறங்க வேண்டும்.

அதைவிட நாகர்கோவில் வழி நிம்மதி. தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. இடம் தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. திங்கள்கிழமை விடுமுறை, அதற்கேற்ப நாளைப் பாருங்கள். ஆரல்வாய்மொழி கணவாயில் முப்பந்தல் காற்றாலைகள் தெரியும். காற்று பலமாக இருக்கும் நாளில் இங்கே வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். பிறகு திருநெல்வேலி, மதுரை, நான்கு வழிச்சாலை. மதுரையிலோ திருச்சியிலோ ஒரு ராத்திரி.

ஞாயிறு சாயங்காலம் பரனூர் டோல்கேட்டில் வந்து நிற்கும்படி மட்டும் திட்டம் போட வேண்டாம். ஞாயிறு மதியத்துக்குள் அதைத் தாண்டிவிட்டால், சிங்கப்பெருமாள் கோவிலில் இடதுபுறம் திரும்பி ஒரகடம் வழியாக டீ நேரத்துக்கு குன்றத்தூர் வந்துவிடலாம். வண்டியை ஒப்படைக்கும் முன் தண்ணீர்த் தொட்டி, கழிவுத்தொட்டி, வண்டியின் நாலு பக்கமும் வீடியோ எடுத்து வைத்துக்கோங்க. கீறல் பஞ்சாயத்து வந்தால் உதவும்.